ஃபுகுஷிமா நீர்: கடலில் விடுவதா, தொட்டியிலேயே வைப்பதா?

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 விபத்தில் உருகிய அணு எரிபொருளைக் குளிர்விக்கும் நீரும், உள்ளே கசியும் நிலத்தடி நீரும் சேர்ந்து மாசுபடுகின்றன. அதைச் சுத்திகரித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் தேக்கினார்கள். சுமார் 13 லட்சம் டன்.

கடலில் விடுவது: 2023 ஆகஸ்ட் 24-இல் ஜப்பான் தொடங்கியது இதைத்தான். சுத்திகரிப்பில் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் நீங்கிவிடும். ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) நீங்காது, அது நீர் மூலக்கூறிலேயே கலந்திருக்கிறது. அதனால் கடல்நீர் சேர்த்து, ட்ரிட்டியத்தை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்து, கடலடிச் சுரங்கம் வழியாக ஒரு கிலோமீட்டர் தள்ளி விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே 10,000 பெக்கரல். கணக்கு சரி, மீனவர்கள்? சம்பந்தப்பட்டவர்களுக்குப் புரியவைக்காமல் எதுவும் செய்யமாட்டோம் என்று 2015-இல் ஜப்பான் அரசு அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்ததே! விட்ட அன்றே சீனா ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது.

தொட்டியில் வைப்பது: ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள்; காத்திருந்தால் தானாகக் குறையும். ஆனால் உலையைப் பிரிக்கும் வேலைக்கு அந்த இடம் வேண்டும். அப்புறம், இன்னொரு பெரிய நிலநடுக்கத்தில் தொட்டிகள் உடைந்தால் கடல்நீர் சேர்த்து நீர்த்துப்போகச் செய்யாத நீரே வெளியேறும்.

கடல் வழியில்தான் ஆபத்து குறைவு என்று நினைக்கிறேன். ஆனால் மீனவர் கூட்டமைப்புகள் எதிர்த்துக்கொண்டிருந்தபோதே தொடங்கியது பெரும் தவறு.