ஆட் மேனேஜரின் நேட்டிவ் ஸ்டைல் எடிட்டர்: தமிழ்த் தளங்கள் நம்பி இறங்கலாமா?

தளங்கள் தங்கள் விளம்பர இடங்களை நிர்வகிக்கும் கருவியான கூகுள் ஆட் மேனேஜரில், நேட்டிவ் விளம்பரத்தை (தளத்தின் தோற்றத்தோடு ஒத்துப்போகும் விளம்பரத்தை) பிரவுசரிலேயே வடிவமைத்துவிடலாம். இணையதளத்துக்கு கைடட் எடிட்டர், நாமே கோட் எழுதும் எச்டிஎம்எல்-சிஎஸ்எஸ் எடிட்டர் என இரண்டு வழிகள். நிறமும் எழுத்தும் மாற்றினால் போதும் என்பவர்களுக்கு முதலாவது சரி. மொபைலிலும் கணினியிலும் ஒழுங்காக நிற்க வேண்டுமென்றால் இரண்டாவதற்குத்தான் போக வேண்டும்.

இதன் பெரிய பலம், சரக்கும் தோற்றமும் தனித்தனியாக இருப்பது. விளம்பரதாரர் தலைப்பு, படம், விவரம், பட்டன் சொல் ஆகியவற்றை மட்டும் தருகிறார். அவை எப்படித் தெரிய வேண்டும் என்பது தளத்தின் கையில். ஒரு ஸ்டைலைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் விளம்பரங்கள் அத்தனையும் மாறிவிடும். பேனர் ஒவ்வொன்றையும் பல அளவுகளில் வெட்டும் வேலை மிச்சம்.

அளவு கேட்கும் இடத்தில் ஃப்ளூயிட் என்று தேர்ந்தெடுங்கள். இணையப் பக்கத்தில் விளம்பரம் வரும் இடமான ஸ்லாட்டிலும் அதையே அறிவிக்க வேண்டும். அகலம், ஸ்லாட்டைச் சுற்றியிருக்கும் பெட்டியான தாய் டிவ்வைப் பொறுத்தது. உயரம் உள்ளடக்கத்துக்கு ஏற்ப நீளும். அந்த நீட்சிதான் சிக்கலும். விளம்பரம் வந்ததும் கீழே உள்ள செய்தி துள்ளும், அந்தத் துள்ளலை அளக்கும் சிஎல்எஸ் மதிப்பு கூகுள் நல்லது எனக் கொள்ளும் 0.1-ஐத் தாண்டக்கூடும். ஸ்லாட்டுக்கு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுத்து இடம் ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தின் உச்சியில் ஃப்ளூயிட் வேண்டவே வேண்டாம்.

பலரைக் குழப்புவது மீடியா குவெரி, அதாவது அகலத்துக்கேற்ப வடிவத்தை மாற்றும் சிஎஸ்எஸ் விதி. விளம்பரம் ஐஃப்ரேம் என்ற, பக்கத்துக்குள் இருக்கும் தனிச் சட்டத்துக்குள் ஓடுவதால் குவெரி அளப்பது போன் திரையை அல்ல, அந்த ஐஃப்ரேமின் அகலத்தை. கணினியில் 300 பிக்சல் பக்கப்பட்டையில் போட்டால் மொபைல் வடிவமே வரும். கோளாறு அல்ல, இதை நமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம்: 480-க்குக் கீழே படம் மேலே, அதற்கு மேல் படம் இடப்புறம். படத்துக்கு 1.91:1 விகிதமும் படத்தை நசுக்காமல் இடத்தை நிரப்பும் ஆப்ஜெக்ட்-ஃபிட் கவரும் போதும்.

அதே ஐஃப்ரேம் காரணமாகத் தளத்தின் ஃபான்ட் உள்ளே வராது. ஸ்டைலின் சிஎஸ்எஸ்ஸிலேயே ஃபான்டை ஏற்றுங்கள். கனம் வேண்டாமென்றால் ஆண்ட்ராய்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸுக்கு நிர்மலா யூஐ என்று எழுதிவிடலாம். வரி உயரம் 1.5-க்குக் குறைந்தால், ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே போவதை மறைப்பது) போட்ட தலைப்பில் கொம்பும் சுழியும் வெட்டுப்படும் அபாயம் உண்டு. தலைப்பை எழுத்து எண்ணிக்கையால் கட்டுப்படுத்துவதும் தமிழுக்குச் சரிவராது: "தமிழ்" கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து. லைன்-கிளாம்பால் மூன்று வரி என்று நிறுத்துவதே பாதுகாப்பு.

இணைப்பில் சேருமிடத்தை மட்டும் எழுதாமல் அதற்கு முன்னால் கிளிக்கை எண்ணும் குறியீடான கிளிக் மேக்ரோவையும் வையுங்கள். விட்டால் கிளிக் கணக்கில் ஏறாது. இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட்டும் கொடுக்க வேண்டும், இல்லையேல் விளம்பரதாரர் பக்கம் அந்தக் குட்டிச் சட்டத்துக்குள்ளேயே திறக்கப் பார்க்கும். "விளம்பரம்" என்ற அடையாளத்தை ஸ்டைலிலேயே பதித்துவிடுங்கள். அதை விளம்பரதாரர் பொறுப்பில் விடக் கூடாது.

முன்னோட்டத்தை மட்டும் நம்பி வெளியிடாதீர்கள். உண்மையான பக்கத்தில், 320 பிக்சல் அகலத்தில், இருப்பதிலேயே நீளமான தமிழ்த் தலைப்போடு பார்த்துவிடுங்கள். சிஎஸ்எஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் இந்த எடிட்டரைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இல்லாவிட்டால் கைடட் எடிட்டரோடு நிற்பதே நல்லது.