ஃபுல் பாடி ஹார்னஸ்: பெல்ட்டைவிடக் கயிற்றைப் பார்த்து வாங்குங்கள்

உயரத்திலிருந்து விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கும் ஃபுல் பாடி ஹார்னஸை, சாரத்தில் ஏறுகிறவர்கள் இன்றும் 'சேஃப்டி பெல்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மூன்று வேறு வேறு சாமான்களை எடுத்துப் போடுவார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் ஒன்று. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் ஹார்னஸில் ஒற்றை பிளாஸ்டிக் கயிறும் சின்னக் கொக்கியும் தொங்குவது இரண்டாவது. அதே ஹார்னஸில் ஷாக் அப்சார்பரும், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் லேன்யார்டும் (ஹார்னஸைப் பிடிமானத்தோடு இணைக்கும் கயிறு), நுனிகளில் பெரிய சாரக் கொக்கிகளும் உள்ளது மூன்றாவது. கட்டட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் வாங்க வேண்டியது இந்த மூன்றாவது செட்தான். ஆனால் அதிலும் தேறாதவை நிறைய.

இடுப்பு பெல்ட்டை விழுகிறவரைத் தாங்குவதற்காக வாங்கவே கூடாது. விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தலைகீழாகத் தொங்கினால் உடல் பெல்ட்டிலிருந்து நழுவிவிடும். கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்யப் பிடிமானமாக இருக்கட்டும், அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது, ஏனென்றால் பார்க்க ஒழுங்கான ஹார்னஸ் போலவே இருக்கும். உடலோடும் கருவிகளோடும் சேர்த்து 100 கிலோ உள்ள ஒருவர் 2 மீட்டர் விழுகிறார் என்று வையுங்கள். அதற்கு முக்கால் நொடிகூட ஆகாது. நீளாத கயிறு அவரை 20 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால், சராசரியாகவே 10.8 கிலோ நியூட்டன் விசை உடலில் இறங்கும். ஏறத்தாழ 1,100 கிலோ எடை ஒரே வெட்டில் இழுப்பதற்குச் சமம். உச்ச விசை அதைவிடக் கூடுதல். அதே மனிதரை ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் சராசரி விசை 3 கிலோ நியூட்டனுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு மீட்டரைத் தருவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே மடித்துத் தைத்த நாடா, விழும்போது இழை இழையாகக் கிழிந்து நீளும். ஐரோப்பியத் தரமான இஎன் 355 கேட்பது இரண்டே விஷயம்: விசை 6 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது, அப்சார்பர் 1.75 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அப்சார்பர் இல்லாத ஹார்னஸ் அறுந்து போகாமல் இருக்கலாம், உள்ளே இருக்கிறவர் முழுதாக இருப்பாரா என்பதுதான் கேள்வி. அதனால்தான் காசைக் கயிற்றில் போடச் சொல்கிறோம்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் லேபிள். தரத்தின் எண், தயாரித்த மாதமும் ஆண்டும், வரிசை எண், தாங்கும் அதிகபட்ச எடை இவை நான்கும் தைத்த லேபிளில் இருக்க வேண்டும். இந்தியத் தரம் ஐஎஸ் 3521. ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 361. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதைக் கடையில் நின்றபடியே, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பாருங்கள். லேபிளில் வேறு கம்பெனி, செயலியில் வேறு கம்பெனி வந்தால் வைத்துவிட்டு வரலாம். ஹார்னஸில் ஒரு லேபிளும் லேன்யார்டில் இன்னொரு லேபிளும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹார்னஸுக்கு முத்திரை இருந்து லேன்யார்டு மொட்டையாக இருக்கும் செட்டுகள் உண்டு, அவற்றை எடுக்காதீர்கள்.

எடை வரம்பைக் கவனமாகப் படியுங்கள். பல அப்சார்பர்கள் 100 கிலோவுக்குச் சோதிக்கப்பட்டவை. இது உடல் எடை மட்டும் அல்ல. ஷூ, ஹெல்மெட், இடுப்பில் மாட்டிய ஸ்பேனர், டிரில் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். 90 கிலோ உள்ளவருக்கு 136 அல்லது 140 கிலோ என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து கொக்கி. நம் சாரக் குழாயின் வெளி விட்டம் 48.3 மி.மீ. கொக்கியின் வாய் 50 மி.மீ.க்கு மேல் திறக்காவிட்டால் குழாயில் மாட்டவே முடியாது. அப்போது என்ன நடக்கும் என்றால், கயிற்றைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை அதே கயிற்றில் மாட்டுவார்கள். அதற்கென்று செய்யாத லேன்யார்டில் அப்படி மாட்டினால் கொக்கியின் நாக்குப் பகுதியில் கயிறு பக்கவாட்டில் அழுத்தித் திறந்துவிடும். கொக்கியைக் கையில் பிடித்து, வாயை மட்டும் அழுத்திப் பாருங்கள். திறக்கக் கூடாது. பின்பக்க நெம்புகோலையும் சேர்த்து அழுத்தினால்தான் திறக்க வேண்டும். கையை எடுத்ததும் தானாகவே டக்கென்று மூட வேண்டும். மெதுவாக மூடுவதும் பாதியில் நிற்பதும் புதிதாக இருக்கும்போதே கெட்டுப்போனவை.

இந்த வகைக்கு உள்ள பெரிய குறை எடை. இரண்டு எஃகுக் கொக்கிகளும் முதுகுக்குப் பின்னால் தொங்கி, முதுகு டி ரிங்கை (கயிறு மாட்டும் உலோக வளையத்தை) கீழே இழுத்துவிடும். மலிவான செட்டுகளில் டி ரிங்கைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தகடு தளர்வாக இருப்பதால், ஒரு மணி நேர வேலைக்குள் அது நடு முதுகுக்கு வந்துவிடும். அலுமினியக் கொக்கி கொஞ்சம் விலை கூடினாலும் நாள் முழுக்கப் போட்டிருப்பவருக்கு அது வீண் செலவு அல்ல. மற்றபடி ஒரே தட்டில் மாட்டும் விலை உயர்ந்த பக்கிள், மெத்தென்ற தோள் பட்டை எல்லாம் வசதிக்குத்தான். பணம் குறைவாக இருந்தால் அவற்றை விட்டுக்கொடுக்கலாம், அப்சார்பரையும் கொக்கியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

போடும் விதம்

முதுகு டி ரிங்கைப் பிடித்துத் தூக்கி உதறுங்கள். தோள் பட்டைகள் மேலும் தொடைப் பட்டைகள் கீழும் தானாகப் பிரிந்து தொங்கும். சட்டை போடுவது போலக் கைகளை நுழைத்துக்கொண்டு, தொடைப் பட்டைகளைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து அந்தந்தப் பக்கத்தில் மாட்டுங்கள். பட்டை முறுக்கிக்கொண்டிருந்தால் கழற்றி நேராக்குங்கள். முறுக்கிய 45 மி.மீ. நாடா ஒரு கயிறு போலச் சதையில் இறங்கும்.

இறுக்கத்துக்குக் கை அளவு போதும். தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் நடுவே விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. தொடைப் பட்டை தளர்வாக இருந்தால் விழும்போது ஹார்னஸ் முழுவதும் ஒரு சாண் மேலே ஏறும். கீழே தொடையிடுக்கில் அறையும், மேலே மார்புப் பட்டை தொண்டைக்கு வந்து நிற்கும். மார்புப் பட்டையின் இடம் அக்குள் மட்டத்தில், மார்பின் நடுவே. அதை அவிழ்த்துவிட்டுத் திரிகிறவர்களுக்குத் தோள் பட்டைகள் இரண்டும் வெளியே விலகும். தலைகீழாக விழுந்தால் உடல் அப்படியே வழிந்து வெளியே வந்துவிடும். டி ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். சொந்தக் கையால் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது, ஆகவே பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாதாரண பக்கிளில் சின்னத் தகட்டைப் பெரிய சட்டத்துக்குள் அடியிலிருந்து நுழைத்து மேலே படுக்கவைக்க வேண்டும். பாதி நுழைந்து நிற்கும் தகடு சும்மா நிற்கும்போது பிடித்துக்கொள்ளும், பாரம் வந்தால் நழுவும். துளையும் முள்ளும் உள்ள பக்கிளில், ஆள் ஒல்லி என்பதற்காக ஆணியைச் சுட்டுப் புதுத் துளை போடக் கூடாது. 'யூனிவர்சல் சைஸ்' என்று எழுதியிருந்தாலும் குள்ளமானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் அது பொருந்துவதில்லை. ஆளைக் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே சரி.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைலி கட்டிய பெயின்டரும் சேலைக்கு மேல் சட்டை போட்ட சித்தாளும் தொடைப் பட்டையை ஒழுங்காக மாட்ட முடியாது. மாட்டாமல் மேலே ஏறுவதும் ஹார்னஸே இல்லாமல் ஏறுவதும் ஒன்றுதான். ஹார்னஸ் வாங்கும் கான்ட்ராக்டர் அந்தப் பில்லிலேயே பேன்ட்டையும் சேர்த்துக்கொள்ளட்டும். தொடைப் பட்டைக்கு அடியில் வரும் பாக்கெட்டில் செல்போன், சாவி எதுவும் இருக்கக் கூடாது.

மாட்டும் விதம்

இரண்டு கொக்கிகள் இருப்பது, நகரும்போதும் ஒன்று எப்போதும் மாட்டியே இருப்பதற்காக. முன்னால் ஒன்றை மாட்டிய பிறகு பின்னால் உள்ளதைக் கழற்ற வேண்டும். ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும்போது ஒரு கொக்கி போதும். மிச்சக் கொக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. காலில் தட்டுகிறது என்று அதை இடுப்பின் பக்கவாட்டு டி ரிங்கில் மாட்டிவிடுவார்கள். விழும்போது அப்சார்பர் கிழிந்து நீள ஆரம்பித்த உடனே, இந்த இரண்டாவது கயிறு இறுகிப் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். அப்சார்பர் பாதியில் நின்றுவிடும், முழு அடியும் இடுப்பில் விழும். மார்புப் பக்கத் தோள் பட்டையில் பிய்ந்து வரும்படி ஒரு சின்ன வளையம் தைத்திருப்பார்கள். மிச்சக் கொக்கிக்கான இடம் அது மட்டுமே. அது இல்லாத ஹார்னஸை வாங்காதீர்கள்.

கொக்கி மாட்டும் இடம் 12 கிலோ நியூட்டன், அதாவது 1,200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் கிரில், பிவிசி குழாய், கேபிள் தட்டு, கட்டுக்கம்பியால் கட்டிய கம்பி, சவுக்குக் கழி இவை எதுவும் தாங்காது. சாரத்தில் மாட்டுவதானால், சாரத்தையே கட்டடத்தோடு சரியாகப் பிணைத்திருக்க வேண்டும். செங்குத்துக் குழாயும் படுக்கைக் குழாயும் சேரும் முடிச்சுக்கு அருகே மாட்டுங்கள். கொக்கி தலைக்கு மேலே இருப்பது நல்லது, காலுக்குக் கீழே இருப்பது மிக மோசம். பக்கவாட்டில் தள்ளி மாட்டினால், விழுகிறவர் ஊஞ்சல் போல ஆடிப்போய்த் தூணில் மோதுவார். அந்த அடியை எந்த அப்சார்பரும் குறைக்காது.

எத்தனை உயரத்தில் இது பயன்படும்? இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்லமாட்டார். லேன்யார்டு 2 மீட்டர். அப்சார்பர் நீளக்கூடியது 1.75 மீட்டர். டி ரிங்கிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். ஹார்னஸ் இழுபடுவதற்கும் இடைவெளிக்கும் 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர். மாட்டிய இடத்திலிருந்து கீழே இவ்வளவு வெறும் வெளி வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள், லேபிளில் படம் போட்டிருக்கும். கால் மட்டத்தில் மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து 3 மீட்டர் உயரமுள்ள முதல் மாடி விளிம்பில் நிற்பவர், அப்சார்பர் வேலையை முடிப்பதற்குள் தரையில் மோதிவிடுவார். ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கும் இடத்தில் இந்த செட்டை மாட்டி நிறுத்திவிட்டு 'பாதுகாப்பு கொடுத்தாயிற்று' என்று கணக்கு எழுதுவது பெரிய அநியாயம். அங்கே வேண்டியது ஒழுங்கான கைப்பிடி உள்ள சாரம். அல்லது தலைக்கு மேலே மாட்டிய, தானாகச் சுருளும் ரிட்ராக்டபிள் பிளாக். இஎன் 360 தரப்படி அது 2 மீட்டருக்குள் நிறுத்திவிட வேண்டும். விளிம்பு வரையே போக முடியாத நீளத்தில் கயிற்றைக் கட்டுவது இன்னும் நல்லது. இரண்டு முனைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிவட லைஃப் லைனில் மாட்டினால், நடுவில் அது எவ்வளவு தொய்யும் என்பதையும் 6.25 மீட்டரோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

விழுந்து தொங்குகிறவரை இறக்குவது யார் என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அசையாமல் செங்குத்தாகத் தொங்கும்போது கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், மயங்கிய பின்னும் அப்படியே தொங்கினால் உயிருக்கே ஆபத்து. 108க்கும் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரம் இருக்காது. ஏணியோ, ஜன்னலோ, இறக்கும் கயிறோ தயாராக இருக்க வேண்டும். நினைவோடு தொங்குபவர் கால்களை மிதிவண்டி மிதிப்பது போல ஆட்டிக்கொண்டே இருக்கலாம். இடுப்பில் சிறு பையில் மடித்து வைக்கும் கால் மிதி நாடா தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிடுங்கள்.

பராமரிப்பு

தினமும் போடும் முன் நாடாவைத் தலைகீழ் 'ப' போல வளைத்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திப் பாருங்கள். வெட்டு, பிசிறு, உருகிய புள்ளி, விறைப்பு, வெளுத்த நிறம், அறுந்த தையல் இவற்றில் எது தெரிந்தாலும் அது ஓரம்கட்ட வேண்டியது. வெல்டிங் பொறி ஒன்று பட்டாலே பாலியெஸ்டர் உருகிவிடும், வெல்டருக்குக் கெவ்லார் நாடாவில் செய்ததுதான் சரி. சிமென்ட் தண்ணீரின் காரம் பாலியெஸ்டரை மெல்ல மெல்லத் தின்னும். அன்றன்றே வெறும் தண்ணீரில் அலசுங்கள், கறைக்குக் கொஞ்சம் லேசான சோப்பு போதும். நிழலில் காயப்போடுங்கள். பெயின்ட் கறையை எடுக்கத் தின்னரில் துடைக்காதீர்கள். நாடாவின் மேல் மார்க்கரில் பெயர் எழுத வேண்டாம், லேபிளில் எழுதுங்கள். தகுதியானவர் ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதித்துத் தேதி போட வேண்டும்.

ஒருமுறை விழுந்ததைத் தாங்கிய செட், புதிது போலத் தெரிந்தாலும் முடிந்தது. சில ஹார்னஸ்களில் டி ரிங்குக்கு அருகே மடித்துத் தைத்த நாடா பிரிந்து அடையாளம் காட்டும். அப்சார்பரின் உறை கிழிந்திருக்கும். அதைக் குப்பையில் அப்படியே போடாமல், நாடாக்களைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போட்டால் பழைய சாமான் கடை வழியாக இன்னொருவர் முதுகில் ஏறிவிடும்.