வாடகை பிஐவி செட்: லேசர் நல்லது, தூசி தூவும் சீடர்தான் சரியில்லை

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் பர்னர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். கேஸ் சுடருக்குள் ஓட்டம் எந்த வேகத்தில் போகிறது, எவ்வளவு கலங்குகிறது என்று அளக்க, வெளியூர் கம்பெனி ஒன்றிடம் பிஐவி செட்டை (ஓட்டத்தில் நுண்தூசி கலந்து, லேசர் ஒளியில் படமெடுத்து வேகம் கணிக்கிற கருவி) வாடகைக்கு எடுத்தோம். "எடுக்கலாமா?" என்று கேட்கும் லேப்காரர்களுக்காக இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லேசரில் குறையே இல்லை. 532 நானோமீட்டர் பச்சை ஒளி, மெல்லிய தகடு மாதிரி சுடரைக் குறுக்கே வெட்டும். அடுத்தடுத்து இரண்டு துடிப்பு, இரண்டு படம். இடையில் தூசி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். வினாடிக்கு 5 மீட்டர் ஓட்டம், 60 மில்லிமீட்டர் அகலம் 2000 பிக்சலில் விழுகிறது என்றால், 50 மைக்ரோ செகண்ட் இடைவெளியில் தூசி எட்டு பிக்சல் நகரும். படத்தை 32 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் நகர்வைக் கணக்கிடுவோம், அதற்கு இது கச்சிதம். ஓட்டவேகம் அளக்கிற சூடான மெல்லிய கம்பியான ஹாட் வயரைச் சுடருக்குள் நீட்டினால் கம்பியே தாங்காது. தாங்கினாலும் அது காட்டுவது வேகமா வெப்பமா என்று பிரிக்க முடியாது.

வினாடிக்கு 15 ஜோடிப் படம்தான் கிடைக்கும். சராசரி வேகமும் ஏற்ற இறக்கமும் எடுக்க அது போதும். ஒரு சுழல் உருவாகி உடைவதைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் துடிக்கிற கிலோஹெர்ட்ஸ் லேசர் வேண்டும். அந்த வாடகை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது.

கேமராவுக்கு வருவோம். முதல் படத்துக்குத் திறப்பு நேரம் மைக்ரோ செகண்டில். அந்தப் படம் கேமராவிலிருந்து வெளியே போய் முடியும்வரை இரண்டாவது படம் பல மில்லி செகண்ட் திறந்தே கிடக்கும். அதற்குள் சுடரின் சொந்த வெளிச்சம் முழுக்க அதில் ஏறிவிடும். மஞ்சள் நுனி இருந்தால் இரண்டாவது படம் வெள்ளைத் துணிதான். 532 மட்டும் விடுகிற ஃபில்டர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. அதைச் செட்டோடு தரவில்லை. கேட்டதும் தனி பில். போட்ட பிறகும் காற்றைக் கூட்டிச் சுடரை நீலமாக்கித்தான் ஓட்டினோம்.

பெரிய கோபம் சீடர் மேல். செட்டோடு வந்தது எண்ணெய்த் தெளிப்பான், அதன் துளிதான் தூசி. குளிர்ந்த ஓட்டத்துக்கு அருமை. சுடர் முகப்பை, அதாவது எரிதல் தொடங்கும் எல்லையைத் தொட்டதும் துளியெல்லாம் ஆவியாகி, எரிந்த பக்கம் கன்னங்கரேல் என்று வரும். முகப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவும். அதைத் தாண்டி வேகம் வேண்டுமென்றால் தீயிலும் உருகாத பொடி வேண்டும். ஒரு மைக்ரான் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பொடி வாங்கினோம். 2000 டிகிரி தாண்டித்தான் உருகும்.

அந்தப் பொடியை ஊதித் தள்ள ராணிப்பேட்டை லேத்து பட்டறை ஒன்றில் ஸ்டீல் குழாய் செய்யச் சொன்னேன். கீழே நுண்துளைத் தகடு, அதன் வழியே காற்று, மேலே காற்றைச் சுழற்றிக் கட்டியைப் பிரிக்கிற சைக்ளோன். மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாவு மில்லு ஏதாவது வைக்கப் போறீங்களா?" என்றார். ஆனால் பொடி தங்கும் மூலைகளைச் சொல்லாமலே உருட்டிக் கொடுத்தார். இந்த ரிவ்யூவில் முழு மார்க் அவருக்குத்தான்.

ஐப்பசி மழையில் அலுமினா ஈரம் குடித்துக் கட்டிவிடும். கட்டி பெரிதானால் ஓட்டத்தின் சிறு நடுக்கத்தோடு அது ஆடாது, அளக்கிற கலக்கம் குறைவாகவே காட்டும். ஓவனில் 120 டிகிரியில் காயவைத்து, சூடு ஆறுமுன் மூடிவைத்துப் போட்டால்தான் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். இன்னொன்று: எரிந்த வாயு ஏறக்குறைய ஏழு மடங்கு விரிகிறது, பொடியும் அங்கே அந்த அளவுக்கு ஐதாகிவிடும். குளிர்ந்த பக்கத்துக்குச் சரியான அளவைவிடத் தாராளமாகவே விட வேண்டும். மாஸ்க் கட்டாயம், லென்ஸ், வால்வு, தலைமுடி எல்லாம் வெள்ளையாகிவிடும்.

கண்ணைக் காக்கும் லேசர் கண்ணாடி இரண்டே கொடுத்தார்கள், ஒன்றில் கீறல். நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகை லேசருக்கு இது அலட்சியம். வேறு வாங்கினோம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். மே மாதம் மத்தியானம் வோல்டேஜ் இறங்கினால் லேசரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிடுகிறது, காலையிலேயே ஓட்டிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். எடுப்பவர்கள் ஃபில்டர், பொடி சீடர், ஆளுக்கொரு கண்ணாடி மூன்றும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொடி சீடர் தரமாட்டோம் என்றால் வாடகையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள், பட்டறைக் கூலிக்கு ஆகும்.