ஜென்செட் வெச்சிருக்கறவங்க ஆயில் பிரஷர் ஒயரை உடனே ஒரு தடவை பாத்துருங்க

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் ஜெனரேட்டர் வெச்சு யூனிட் ஓட்டறவங்க எல்லாரும் இதை முழுசா படிங்க, ஏன்னா எங்களை ஏமாத்துன ஆளு இன்னும் நெறைய இடத்துல ஏஎம்சி (வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட்) மெக்கானிக்கா வேலை பாத்துட்டுத்தான் இருக்காரு. பேர் போடல, நடந்ததை சொல்றேன்.

எங்களது நிட்டிங் யூனிட். 125 கேவிஏ செட்டு, ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். மாசாந்திர ஷட்டவுன் அன்னைக்கு ஈபி காலைல 9 மணிக்கு லைன் எடுத்தா சாயங்காலம் வரைக்கும் மொத்த மெஷினையும் இதுதான் இழுக்கணும். ஓட்டறது எங்க ஆபரேட்டர் அண்ணன், ரொம்ப வருஷமா இதே வேலைல இருக்கறவரு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக் (ஆயில் லெவல் பாக்கற கம்பி) பாப்பாரு, ரேடியேட்டர் பாப்பாரு, டீசல்ல இருந்து தண்ணிய பிரிக்கற வாட்டர் செப்பரேட்டர்ல தண்ணிய வடிப்பாரு, ஸ்டார்ட் ஆனதும் சும்மா ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு 1500 ஆர்பிஎம், 50 ஹெர்ட்ஸ்ல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் லோடு குடுப்பாரு, அதுவும் ஒரேயடியா இல்ல, ஒவ்வொரு லைனா. நிறுத்தறப்பவும் லோடை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் ஓட விட்டுத்தான் ஆஃப் பண்ணுவாரு, டர்போ சூட்டோட சுத்திட்டிருக்கறப்ப படக்குன்னு நிறுத்தினா ஆயில் வரத்து நின்னு அந்த பேரிங்ல இருக்கற ஆயில் கரியா போயிரும்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்தவரு அவருதான். மணிக்கு ஒரு தடவை ஆயில் பிரஷர், தண்ணி சூடு, லோடு எல்லாம் நோட்டுல எழுதுவாரு. இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, கடைசில பழி அவரு மேலதான் வந்துச்சு.

முதல்ல ஆரம்பிச்சது டிப்ஸ்டிக்ல. ஆயில் லெவல் கொறையாம ஏறிட்டே வந்துச்சு. அண்ணன் நோட்டுலயும் எழுதி, அந்த ஏஎம்சி மெக்கானிக்கு போனும் பண்ணாரு, அதுக்கு அந்தாளு "இன்ஜின் ஆயில் குடிக்கலைன்னா நல்லதுதானே"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. யாருமே ஊத்தாம ஆயில் எப்படிங்க ஏறும்? ஒண்ணு தண்ணி கலக்கணும், இல்ல டீசல் கலக்கணும். தண்ணின்னா ஆயில் பால் மாதிரி வெளுத்துரும். எங்களதுல டீசல் பம்ப் சீல் போய் டீசல் கசிஞ்சு சம்ப்புக்குள்ள (இன்ஜின் அடில ஆயில் நிக்கற தொட்டி) போயிட்டிருந்திருக்கு. மோந்து பாத்தாலே தெரிஞ்சிருக்கும், வெரல்ல தொட்டா வழுவழுப்பே இல்லாம தண்ணியா இருந்திருக்கும். காசு வாங்கற மெக்கானிக் நேர்ல வந்து பாக்கவே இல்ல.

ஆயில் நீர்த்துப் போனா பிரஷர் நிக்காது. அதே மாதிரி லோ ஆயில் பிரஷர்னு காட்டி செட்டு தானா ட்ரிப் ஆகி நிக்க ஆரம்பிச்சுது. அப்பதான் வந்தாரு. "சென்சார் போயிருச்சு சார், பிரஷர் மீட்டரும் பழசு, அது அப்படித்தான் கம்மியா காட்டும்"னு சொல்லி புது சென்சாருக்கு பில்லும் போட்டு காசு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ட்ரிப் ஆகவே இல்ல, நாங்களும் சரி பண்ணிட்டாருன்னு நம்பிட்டோம். உண்மைல அந்தாளு சென்சாரே மாத்தல. பிரஷர் சுவிட்சுக்கு, அதாவது அந்த சென்சாருக்குப் போற ஒயரை கழட்டி டேப் சுத்தி உள்ள சொருகி வெச்சிருக்காரு!! எங்க பேனல்ல பிரஷர் கொறஞ்சா அந்த சுவிட்ச் ஒயரை எர்த் பண்ணும், ஒயர் எர்த் ஆனாத்தான் இன்ஜின் நிக்கும், ஒயரையே கழட்டிட்டா பிரஷர் சுத்தமா இல்லாட்டியும் நிக்காது.

அடுத்த ஷட்டவுன் அன்னைக்கு லோடுல ஓடிட்டிருக்கறப்ப டொக் டொக்னு சத்தம். அண்ணன் ஓடிப்போய் லோடை எடுக்கறதுக்குள்ள இன்ஜின் இறுகி நின்னுருச்சு. வேற மெக்கானிக்க கூட்டிட்டு வந்து கழட்டுனா கனெக்டிங் ராடு பேரிங் எல்லாம் செம்பு தெரியற அளவுக்கு தேஞ்சு கெடக்கு, அந்த பேரிங் உக்கார்ற கிராங்க் ஷாஃப்ட்ல கோடு கோடா விழுந்திருக்கு. கோயமுத்தூர்ல குடுத்து கிராங்க் கிரைண்டிங், அண்டர்சைஸ் பேரிங், பம்ப் வேலைன்னு ரெண்டு லட்சத்துக்கு மேல போச்சு. அந்த டேப் சுத்துன ஒயரை எங்களுக்கு எடுத்துக் காட்டுனதும் அந்த ரெண்டாவது மெக்கானிக்தான், அவரே கோவப்பட்டுட்டாரு.

பழைய ஆளுக்கு போன் பண்ணா, "உங்க ஆபரேட்டருக்கு ஓட்டத் தெரியல, ஓவர்லோடு பண்ணியிருக்காரு"ங்கறாரு. நோட்டை எடுத்துப் பாத்தா ஒரு நாள் கூட லோடு எண்பது பர்சன்ட்ட தாண்டல. ஆயில் லெவல் ஏறுதுன்னு எழுதுனது, பிரஷர் எறங்கிட்டு வர்றது, மெக்கானிக்கு போன் பண்ண தேதி எல்லாமே அண்ணன் கையெழுத்துல அப்படியே இருக்கு. அதை ஸ்க்ரீன்ஷாட் மாதிரி போட்டோ எடுத்து அனுப்புனதுக்கப்புறம் போனே எடுக்கறதில்ல.

உங்க செட்டுல இதைப் பாக்க ஸ்பேனர் கூட வேண்டாம். எங்களது மாதிரி பழைய பேனல்னா, கீ போட்டதும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடியே, ஆயில் பிரஷர் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆகி பிரஷர் ஏறுனதும் அணையணும். கீ போட்டும் எரியலன்னா பல்பு போயிருக்கணும், இல்ல யாரோ ஒயர்ல கை வெச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு தெரியாம செட்டை லோடுல ஓட்டாதீங்க.

சர்வீஸ் அன்னைக்கு பக்கத்துலயே நில்லுங்க. பில்லுல 15டபிள்யூ-40 சிஐ-4னு நல்ல கிரேடு ஆயில் பேர் இருக்கும், ஊத்துனது லூஸ் ஆயிலா இருக்கும், அதனால டின்னோட சீலை உங்க கண்ணு முன்னாடி உடைக்கச் சொல்லுங்க. காலி டின்னையும் பழைய ஃபில்டரையும் குடுத்தனுப்பாதீங்க, திரும்ப பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டு நீங்களே வெச்சுக்கோங்க. அந்தாளு வாராவாரம் லோடு இல்லாம கால் மணி நேரம் ஓட விடச் சொன்னதும் தப்புதான், முப்பது பர்சன்ட்டாவது லோடு இல்லாம அடிக்கடி ஓட்டினா டீசல் முழுசா எரியாம சைலன்சர் வழியா கருப்பா ஒழுக ஆரம்பிச்சுரும்.

கன்ஸ்யூமர் கோர்ட் போலாம்னு வக்கீல்கிட்ட கேட்டோம், வியாபாரத்துக்கு எடுத்த சர்வீஸ்னா அங்க எடுத்துக்க மாட்டாங்க, சுயதொழில் பண்ணி பொழைக்கறவங்களுக்கு மட்டும் விலக்கு இருக்குன்னு சொன்னாரு. இப்போதைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். அந்த சென்சார் பில்லு, டேப் சுத்துன ஒயரோட போட்டோ, அண்ணனோட நோட்டு மூணையும் பத்திரமா வெச்சிருக்கோம். இதே மாதிரி ட்ரிப் ஆகறது திடீர்னு நின்னுபோன அனுபவம் யாருக்காவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஒரே ஆளான்னு பாத்துரலாம்.