பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்': முதல் எட்டு நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த ஆல்பத்தை முதல் தடவையாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் பாடலான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'டில் மனிதக் குரல் காதில் விழவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ரிச்சர்ட் ரைட்டின் சின்தசைசர் பனி மாதிரி பரவிக்கொண்டே இருக்கும், அதன் மேல் டேவிட் கில்மோரின் கிட்டார் அவசரமே இல்லாமல் பேசும், அப்புறம் எல்லாம் அடங்கி நான்கு சுரங்கள் மட்டும் தனியாக ஒலிக்கும். நான்கே நான்கு. யாரோ காலி வீட்டு வாசலில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல எனக்கு அப்போது தோன்றியது, இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்படிக் கூப்பிடப்படுபவர் சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், ஆரம்ப காலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிப் பாடியவர், மனநிலை குலைந்து 1968-இல் குழுவை விட்டுப் போனவர். 1973-இல் வந்த ஆல்பம் இவர்களை உலகப் புகழில் தூக்கி வைத்துவிட, அடுத்து என்ன செய்வது என்ற வெறுமையோடுதான் 1975 தொடக்கத்தில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். அந்த ஜூன் மாதம் ஒரு நாள், தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட பருத்த ஆள் ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நிற்கிறார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட் என்று தெரிந்ததும் குழுவின் பாஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அந்தச் சமயத்தில் இவர்கள் முடித்துக்கொண்டிருந்தது சிட்டைப் பற்றிய இதே பாடலைத்தான்! இது தெரிந்த பிறகு அந்த நான்கு சுரங்களைக் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் இருக்கும் இரண்டு பாடல்களும் இசை வியாபாரத்தின் மேல் உள்ள கோபம். 'வெல்கம் டு த மெஷின்' இயந்திரத்தின் இரைச்சலோடு வேண்டுமென்றே குளிர்ச்சியாகச் செய்யப்பட்டது, பிடிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. 'ஹேவ் எ சிகார்' பாடியது குழுவில் யாருமில்லை, பக்கத்து ஸ்டுடியோவில் வேலையாக இருந்த ஆங்கிலேயப் பாடகர் ராய் ஹார்ப்பர். அந்த ஏளனம் அவர் குரலில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

தலைப்புப் பாடலுக்கு வருவோம். ஒருவர் ரேடியோ முள்ளைத் திருப்புகிறார், பேச்சுக் குரல் வருகிறது, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி ஒரு கணம் வந்து போகிறது, அதற்குப் பிறகு பன்னிரண்டு தந்திக் கிட்டார், அதுவும் எங்கோ தூரத்து ரேடியோவில் கேட்பது போல மெலிதாக. அதைக் கேட்டுக்கொண்டே அறையில் ஒருவர் கூட வாசிப்பது போல இன்னொரு கிட்டார் வந்து சேர்கிறது, இது மட்டும் முழுசாக, காதுக்கு அருகில். வாசிக்கிறவர் இருமுவது கூடக் கேட்கும். தொலைவில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவரின் நிலையை, ஒரு சொல் கூடப் பாடாமல் வெறும் ஒலிப்பதிவிலேயே இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு ஆரம்பத்தை நான் ராக் இசையில் கேட்டதில்லை.

மொத்தம் ஐந்தே தடங்கள், 44 நிமிடம். ஷஃபிளில் போட்டுக் கேட்காதீர்கள். தலைப்புப் பாடல் முடியும்போது எழும் காற்றின் சத்தம்தான் அப்படியே அடுத்ததற்குள் இழுத்துக்கொண்டு போகிறது, ஆப்பில் தடங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அந்தக் காற்று வெட்டுப்பட்டுவிடும், அதனால் அந்த அமைப்பை முதலில் சரிபார்த்துவிடுங்கள். ஹெட்ஃபோன் அவசியம். எல்பி இசைத்தட்டாகக் கிடைத்தால் அட்டைக்காகவும் வாங்கலாம்: இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் உடல் தீப்பற்றி எரிகிறது. ஒட்டுவேலை இல்லை, சண்டைக் கலைஞர் ஒருவருக்கு நிஜமாகவே நெருப்பு வைத்து எடுத்த படம்.

குறை என்றால், கடைசித் தடத்தின் நடுப்பகுதியில் தாளம் துள்ளலாக மாறும் இடம் கொஞ்சம் நீளம், அங்கே என் மனம் அலையும். ஆனால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடைசியில் ரைட்டின் கீபோர்டு முன்னுக்கு வந்து, இறுதி ஊர்வலம் போல மெதுவாக நகர்கிறது, ஒலி தேய்ந்து முடியப் போகும் நேரத்தில் சிட் 1967-இல் எழுதிய 'சீ எமிலி பிளே'யின் மெட்டு சில சுரங்களுக்குத் தலைகாட்டுகிறது. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள், இல்லாவிட்டால் தவறிவிடும்.