சட்டைப் பையில் எது இருக்கட்டும்?

மார்ச் மாதக் காலையில் ஆறே முக்காலுக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போய்ப் பாருங்கள். தெரு கிழக்கு மேற்காக ஓடுவதால் வெயில் தெருவோடு படுத்து வரும். கத்தரிக்காய்க் குவியலுக்கு அதைவிட நீளமான நிழல் விழுந்திருக்கும். ஏழரை தாண்டினால் இதெல்லாம் போய்விடும். அப்புறம் மொட்டை வெயில்தான், இட்லி சாப்பிடப் போய்விடலாம்.

அந்த முக்கால் மணி நேரத்துக்காக இரண்டு வருடங்களாக நாலு கேமராக்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒன்று எல்லோரிடமும் இருக்கும் போன். இரண்டாவது, ரிகோ ஜிஆர் 3எக்ஸ் என்ற சின்னக் கேமரா. மூன்றாவது, 50 எம்எம் லென்ஸ் போட்ட கேனன் 1500டி. நாலாவது, ஒரு பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றுகிற வகைப் பெரிய கேமரா. கல்யாணம், பறவை, கிரிக்கெட் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. தினசரி நடையில் கண்ணில் படுவதை எடுக்க எது தோது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

எல்லாவற்றிடமும் இரண்டே கேள்வி கேட்டேன். அந்த நிமிடத்தில் நீ கையில் இருந்தாயா? எடுத்த படத்தை அப்புறம் ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தாயா?

போன்

முதல் கேள்வியில் போனை ஜெயிக்க ஆளில்லை. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் கூடவே வருகிறது. வேகத்திலும் குறைவில்லை. இன்றைய நல்ல போன்கள், கேமராவைத் திறந்த உடனேயே படங்களை வரிசையாகப் பிடித்து நினைவில் வைக்க ஆரம்பித்துவிடுகின்றன. நாம் பட்டனைத் தொடும்போது, தொடுவதற்கு முன் பிடித்தவற்றையும் சேர்த்துப் பல படங்களை ஒன்றாக்கித் தருகின்றன. வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்குகிற அந்த ஒரு நொடி தவறாமல் சிக்குவது இதனால்தான். இருட்டும் இப்போது பெரிய தடையில்லை. 2018-இல் கூகுள் பிக்சல் போன்களில் நைட் சைட் வந்த பிறகு, தெருவிளக்கு வெளிச்சத்தில் முக்காலி இல்லாமல் எடுப்பது சாதாரணமாகிவிட்டது.

ஆனால் போனுக்கு நிழல் என்றால் ஆகாது. நான் ஆசைப்பட்டு நிற்பதே அந்தக் கறுப்பு நிழலுக்காக. அதுவோ நிழலுக்குள் வெளிச்சத்தை ஊற்றி, சாக்கு மூட்டையின் ஓரத் தையல் வரைக்கும் காட்டிவிடுகிறது. ஏழு மணி வெயில் பதினோரு மணி வெயில் மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு. வெளிச்சம் விழும் இடத்தைத் திரையில் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அல்லது ஒரு கோடு வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நிழல் நிழலாகவே இருக்கும். போனில் இந்த ஒன்றைப் பழகினாலே பாதிப் படங்கள் தேறிவிடும்.

இன்னொன்று, போனின் பிரதான லென்ஸ் ரொம்ப அகலம். ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால் 24 எம்எம் பக்கத்தில். இந்த எண் குறையக் குறையப் பார்வை அகலும், கூடக் கூடக் குறுகும். பூக்கார அக்காவை எடுத்தால் மேலே கேபிள் ஒயர், பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஓரத்தில் யாரோ நிறுத்திய ஸ்கூட்டர், எல்லாம் இலவச இணைப்பாக வந்துவிடும். இரண்டடி கிட்டே போனால் சரியாகும். கிட்டே போகத்தான் கூச்சம்.

இரண்டாவது கேள்வியில் போன் தோற்றுவிடுகிறது. எடுத்த படம் போய் விழும் இடம் அப்படி. கரண்ட் பில் ஸ்க்ரீன்ஷாட், குடும்பக் குரூப்பில் வந்த காலை வணக்கம், எப்போதோ எடுத்த ஆதார் நகல், இவற்றுக்கு நடுவில் என் கத்தரிக்காய் நிழல். போன வருடம் நாலாயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தது இருநூறு இருக்குமா, சந்தேகம்தான்.

சின்னக் கேமரா

ஜிஆர் 3எக்ஸ் 2021-இல் வந்தது. பேட்டரி, மெமரி கார்டோடு 262 கிராம், பேண்ட் பாக்கெட்டில் நுழையும். உள்ளே இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு, பல டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவு. நல்ல போனின் பிரதான சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறக்குறைய 5 மடங்கு. ஜூம் கிடையாது, 40 எம்எம் பார்வை மட்டும். ஜப்பானிய ஒளிப்படக்காரர் டைடோ மோரியாமா பல வருடங்களாகத் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தது இந்த ஜிஆர் குடும்பத்துக் கேமராக்களைத்தான். அவருடைய டோக்கியோ படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. மயிலாப்பூருக்கும் ஷிஞ்ஜுகுவுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்காதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்னாப் ஃபோகஸ். 2.5 மீட்டர் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தும்போது கேமரா எதையும் தேடிக்கொண்டிருக்காது, நேரே அந்தத் தூரத்துக்குப் போய்விடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, எஃப்8 என்ற சின்ன அளவில் வைத்தால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை எல்லாம் தெளிவாகவே விழும். மாட வீதியில் எனக்கும் எதிரில் வருகிறவருக்கும் நடுவே இருப்பது எப்போதும் அந்தத் தூரம்தான். இரண்டு மாதத்தில் 2.5 மீட்டர் என்பது காலுக்கே தெரிந்துவிட்டது. தினமும் ஒரே லென்ஸில் எடுப்பதன் லாபம் இதுதான். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே எது உள்ளே வரும், எது வராது என்று தெரிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் இல்லை, வெயிலில் பின்திரை மங்கித் தெரியும். ஒரு பேட்டரிக்குக் கணக்குப்படி 200 படம்தான், எனவே இன்னொன்று கையோடு வேண்டும். மழை, தூசிக்கு எதிரான காப்பு கிடையாது. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகிற அமைப்பு என்பதால் காற்றடிக்கும் நாளில் மெரினா மணலில் எடுக்க எனக்கு மனசு வராது. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். புது ஸ்கூட்டர் விலைக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இது தேறியது. படம் எடுப்பதைத் தவிர இதற்கு வேறு வேலை தெரியாது. படங்கள் கார்டில் தனியாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கார்டைக் கணினியில் செருகினால் அந்த வாரத்தின் நடை மட்டும் வரிசையாக வரும். ஐந்து படம் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை அழிப்பேன். கொஞ்சம் வலிக்கும்.

பெரியதும் பழையதும்

கேனனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உடம்பு 475 கிராம், லென்ஸ் 160 கிராம். செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், படத்தின் தரத்தில் குறையே சொல்ல முடியாது. சிக்கல், அந்த 50 எம்எம் இந்தச் சென்சாரில் 80 எம்எம் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு ஆள் முழுசாக வர வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டும். நம் தெருவில் பின்னால் நகர்ந்தால் ஒன்று சாக்கடை, இல்லையென்றால் ஆட்டோ. அதோடு, அதைப் பையிலிருந்து வெளியே எடுத்த நிமிடம் தெருவே மாறிவிடுகிறது. “எந்த சேனல் சார்?” என்கிறார்கள். தலையை வாரிக்கொண்டு நேராக நிற்கிறார்கள். வீட்டில் குழந்தைகளை எடுக்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது. நடைக்கு வேண்டாம். ஆறு மாதமாக அலமாரியில்தான் இருக்கிறது.

ஃபிலிம் கதை நேர்மாறு. எங்கள் வீட்டில் அப்பாவின் அக்ஃபா க்ளிக் 3 இருந்தது. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரைக்கும் ஓடும். அந்தப் பன்னிரண்டையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன், அவ்வளவு தடவை பார்த்திருக்கிறோம். இப்போதைய எஸ்எல்ஆரில் 36 படம். ஃபிலிம், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு க்ளிக் ஒரு ஃபில்டர் காபி விலையைத் தாண்டுகிறது. அதனால் கை தானாகவே தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் படமே நன்றாக வருகிறது என்பார்கள். எனக்குப் பாதி நேரம் அந்தத் தயக்கத்தில் ஆள் கடந்து போயே விட்டார். ஒரு லேபில் ஒரு முழு ரோலைக் கீறலோடு திருப்பித் தந்தார்கள், யாரைக் கேட்பது? இருந்தாலும் ஸ்கேன் வந்த அன்று 36-ஐயும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றைக்கூடத் தள்ளிவிடவில்லை.

அப்படியானால் எது?

புதிதாக ஆரம்பிக்கிறவர் காசு செலவு செய்ய வேண்டாம். போனே போதும், ஆனால் ஆறு மாதம் ஜூமைத் தொடாமல், வெளிச்சத்தைக் கீழே இழுத்துப் பழகி, வாரம் ஐந்து படத்தைத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். அதைச் சலிக்காமல் செய்ய முடிந்தவருக்குச் சின்னக் கேமரா பயன்படும். செய்யாதவர் அதை வாங்கினால் அதுவும் அலமாரிக்குத்தான் போகும். ஃபிலிம், மாதம் ஒரு ரோல் என்று ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது ரிகோவோடு நடக்கிறேன். மழை நாளில் போன்.

பிரிண்ட் போடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். மேக்ஸி சைஸ், அதாவது 4-க்கு 6 அங்குலம், 300 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், வெறும் 2 மெகாபிக்சல் கணக்குதான். எந்தப் போனும் தாராளமாகப் போதும். ஆனால் போன் படம் 4:3 வடிவம், மேக்ஸி 3:2. எனவே மேலோ கீழோ ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். ரிகோ, கேனன், ஃபிலிம் மூன்றுமே 3:2, அப்படியே உட்காரும்.

இதைக் கடையில் சொல்ல மறந்து, போனில் எடுத்த படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டுத் தக்காளி விற்கிற அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெயில் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

“ஏன் தம்பி, தக்காளியப் பாதியோட வெட்டிட்ட? அன்னிக்கு ரெண்டு கூடை வெச்சிருந்தேனே.”