நேப்பிள்ஸா, பலேர்மோவா?

தெற்கு இத்தாலிக்கு முதுகில் ஒரு பையோடு கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். இரண்டும் துறைமுக நகரங்கள் (பலேர்மோ மட்டும் சிசிலித் தீவில்), இரண்டிலும் ஓயாத சத்தம், இரண்டிலும் ரோம், வெனிஸைவிடச் செலவு குறைவு. துணி காயும் பால்கனியையும் பூச்சு உதிர்ந்த சுவரையும் போட்டோவில் பார்த்தால் எது எந்த ஊர் என்று சொல்வதே கஷ்டம். ஆனால் காலையில் கிளம்பி, கால் போன போக்கில் சுற்றி, பசித்த இடத்தில் தின்று, இருட்டும்வரை அறைக்குத் திரும்பாத ஆளுக்கு இரண்டும் ஒன்றல்ல. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தெருவுக்கு நேப்பிள்ஸ், தெருச் சாப்பாட்டுக்குப் பலேர்மோ.

நேப்பிள்ஸின் பழைய நகரம் கிரேக்கர்கள் போட்ட கோட்டின்மேல்தான் இன்னும் நிற்கிறது. நீளவாக்கில் சில தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டும் சந்துகள், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக இதே அமைப்பு. அதில் ஸ்பாக்கநாப்போலி என்கிற தெரு ஊரை நேர்க்கோட்டில் பிளந்துகொண்டு போவதை வோமேரோ குன்றின்மேல், சான் மார்த்தினோ மடத்துப் பக்கம் நின்றால் பார்க்கலாம். குன்றுக்கு ஃபுனிகுலர் என்கிற, கம்பிவடம் இழுக்கும் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள், இறங்கும்போது மட்டும் பெதமெந்தினா படிக்கட்டு. 400க்கும் மேல் படிகள், பையோடு ஏறினால் நாக்குத் தள்ளிவிடும்.

படி இறங்கி இன்னும் கொஞ்சம் கீழே போனால் ஸ்பானிய குவார்ட்டர்ஸ். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் ஆட்சியில் படைவீரர்களைத் தங்கவைக்க உருவான பகுதி. தரைத்தளத்தில் ஒற்றை அறை வீடுகள், கதவைத் திறந்தால் நேரே தெரு, உள்ளே டிவி ஓடுவதும் பாட்டி பீன்ஸ் நறுக்குவதும் நடக்கிறவர் கண்ணில் படாமல் இருக்காது. நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும், கீழே கடைக்காரர் ரொட்டியை வைத்து ஒரு குரல் கொடுப்பார், கூடை மேலே போய்விடும். எல்லோரும் மரடோனா சுவரோவியத்தைத் தேடிக்கொண்டு அங்கே போகிறார்கள், எனக்கு அந்தக் கூடைதான் பெரிசு. ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகும், பை வாரைத் தொங்கவிடாதீர்கள்.

பலேர்மோவின் தெருக்களில் இந்த நெரிசல் கிடையாது. வியா மக்வேதாவும் கோர்சோ வித்தோரியோ இம்மானுவேலேயும் வெட்டிக்கொள்ளும் க்வாத்ரோ கான்தி சந்திப்பில் நின்றால் ஊர் நாலு பேட்டையாகப் பிரிவது புரியும், நடக்கவும் சுலபம். ஆனால் அழகு பெரும்பாலும் கட்டடங்களுக்குள்ளேதான். 831இல் அரபுகளிடம் போன ஊர், 1072இல் நார்மன்களிடம் வந்தது. வந்தவர்கள் முன்னவர்களின் கைவேலையை விடவில்லை. அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனாவில் சுவரெல்லாம் பைசாந்தியப் பொன் மொசைக், நிமிர்ந்து பார்த்தால் அரபு பாணி மரக்கூரை. டிக்கெட் விலை உறுத்தத்தான் செய்யும், வாங்கிவிடுங்கள்.

சரி, சாப்பாடு. நேப்பிள்ஸ் பீட்சாவைக் குறைசொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து, ஓரம் உப்பி, நடுவில் ஈரமாக வரும். அங்கே பீட்சா போடும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பேர்போன கடை என்றால் டோக்கன் வாங்கி வாசலில் காத்திருக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிட வேண்டும். நடந்துகொண்டே தின்ன, நாலாக மடித்துக் காகிதத்தில் தரும் சின்ன பீட்சா இருக்கிறது, விலையும் குறைவு. பொரித்த பீட்சா ஒன்று தின்றால் அடுத்த வேளைக்குப் பசிக்காது. அப்புறம் ஸ்ஃபோல்யதெல்லா என்கிற அடுக்கடுக்கான இனிப்பு, நின்றபடியே குடிக்கும் காபி. அதற்குமேல் யோசித்தால் மறுபடி பீட்சாவில்தான் வந்து நிற்கிறேன்.

பலேர்மோவில் யோசிக்கவே வேண்டாம், பல்லரோ சந்தைக்குள் நுழைந்தால் போதும். வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவார்கள், கத்திரிக்காயும் வாள்மீனும் ஒரு பக்கம், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இன்னொரு பக்கம். பனெல்லே முழுக்க நம் கடலை மாவு சமாச்சாரம்: மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் போட்டு, கெட்டியாகக் கிளறி, மெல்லிசாகத் தட்டி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னைப் பிளந்து நாலைந்து துண்டு அடுக்கி, எலுமிச்சை பிழிந்து கையில் தருவார்கள். இரண்டு மூன்று யூரோவில் ஒரு வேளை முடிந்தது.

தைரியம் இருந்தால் பானி கா மேவுசா. கன்றின் சுவரொட்டியையும் (மண்ணீரல்) நுரையீரலையும் வேகவைத்து, சீவி, பன்றிக் கொழுப்பில் வதக்கி பன்னுக்குள் வைப்பது. எலுமிச்சை மட்டும் பிழிந்தும் கிடைக்கும், ரிக்கோட்டாவும் சீஸ் துருவலும் சேர்த்தும் கிடைக்கும். எலுமிச்சைதான் சரி, சீஸ் போட்டால் சுவரொட்டி ருசி அமுங்கிவிடுகிறது. சாயங்காலம் மூலைக்கு மூலை புகை வந்தால் ஸ்திக்யோலா சுடுகிறார்கள் என்று அர்த்தம், வெங்காயத்தாள்மேல் சுற்றிய ஆட்டுக்குடல்.

சைவக்காரர்கள் பாடுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பலேர்மோவில் பனெல்லே காப்பாற்றும், கபோனாத்தா என்கிற கத்திரிக்காய்க் கூட்டும் உண்டு, ஆனால் ஸ்ஃபின்சோனே ரொட்டியில் நெத்திலி ஒளிந்திருக்கும். நேப்பிள்ஸில் மரினாரா பீட்சா வெறும் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய்தான், சீஸ்கூடக் கிடையாது. ஸ்ஃபோல்யதெல்லாவிலும் தாராலி என்கிற மிளகு போட்ட முறுகல் வளையத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுற்றுவட்டாரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. நேப்பிள்ஸிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய், அதற்கு முன்னாலேயே அதேபோல் புதைந்த எர்கொலானோ. பலேர்மோவுக்கு மொன்ரியாலே தேவாலயமும் மொந்தெல்லோ கடற்கரையும் உண்டு, பஸ்ஸில் போகலாம், ஆனால் பொம்பெய் பொம்பெய்தான்.

இரண்டுக்கும் நாள் இருந்தால் நேப்பிள்ஸை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் ரயிலில் போனால் தீவுக்கு முன்னால் குறுக்கிடும் மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றுவதைப் பார்க்கலாம், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ராத்திரிக் கப்பல் என்றால் அறை வாடகை மிச்சம், காலையில் பலேர்மோ. துறைமுகத்திலிருந்து பழைய நகரம் நடக்கிற தூரம்தான், அதனால் கப்பலில் காலைச் சாப்பாடு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.